சட்டசபை ஏடுகளில் உங்கள் ஊர்த் தண்ணீரைத் தேடுவது எப்படி

எங்கள் நகராட்சி நூற்றாண்டு மலருக்கு ஊர்க் குடிநீரின் கதையை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். நான் நகராட்சிப் பொறியியல் பிரிவில் முப்பத்தோரு ஆண்டு எழுத்தராக இருந்தவள். அப்பா அதே ஊரில் குழாய் ஃபிட்டர். சென்னை மாகாணச் சட்டசபையின் 1920களின் நடவடிக்கைத் தொகுதி ஒன்றில் எங்கள் ஊர்ப் பெயரைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. எங்கள் பகுதி உறுப்பினர் ஒருவர் குடிநீர்த் திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார். நிர்வாக ஒப்புதல் தந்தாகிவிட்டது என்று அமைச்சர் பதில் சொல்லியிருந்தார். அந்த ஆண்டையே குழாய் வந்த ஆண்டாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மலர் அச்சாகி வந்தது. எங்கள் தெருவில் தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டிக்கு அதைப் படித்துக் காட்டினேன். "இல்லடி, என் கல்யாணத்துக்கே வண்டியில பீப்பா வச்சுத்தான் ஆத்துத் தண்ணி கொண்டாந்தாங்க. குழாய் அதுக்கு அப்புறம்தான்" என்றார். கணக்குப் போட்டால் ஐந்து ஆண்டு இடிக்கிறது. நிர்வாக ஒப்புதல் கிடைத்ததும் தண்ணீர் வந்துவிடாது என்பதை என் மேசையில் தினமும் பார்த்தவள் நான். அப்படியும், சட்டசபையில் சொன்னது, அச்சில் இருப்பது என்றதும் அதைக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. அந்த ஐந்து ஆண்டில் என்ன நடந்தது என்று தேடப் போய்த்தான் இந்த ஏடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். உங்கள் ஊருக்கும் யாராவது இதைச் செய்ய வேண்டும் என்பதற்காக வழியை எழுதி வைக்கிறேன்.

எந்த ஆண்டைத் தேடுகிறீர்கள்?

முதலில் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். சட்டசபைக்கு என்ன அதிகாரம் இருந்தது என்பது காலத்துக்குக் காலம் மாறியது. அது தெரியாமல் தேடினால், இல்லாத இடத்தில் நாள் கணக்கில் பக்கம் புரட்டுவீர்கள்.

1861 சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டசபை சட்டம் இயற்றுவதற்கு மட்டும்தான். அரசாங்கத்தைக் கேள்வி கேட்க அதில் வழியே இல்லை. அதனால் 1872 இல் செங்குன்றம் ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் வந்ததையோ, திருவிதாங்கூரோடு 1886 இல் போட்ட பெரியாறு ஒப்பந்தத்தையோ உறுப்பினர்கள் துருவித் துருவிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். அவற்றுக்குப் பொதுப்பணித் துறையின் நடவடிக்கைகளையும் அரசாணைகளையும்தான் பார்க்க வேண்டும்.

1892 சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்தது. வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம், ஆனால் வாக்களிக்க முடியாது. கேள்வி கேட்கலாம், ஆனால் பதிலைக் கேட்டுவிட்டுத் துணைக் கேள்வி போட முடியாது. 1909 சட்டத்துக்குப் பிறகு, கேள்வி கேட்டவரே துணைக் கேள்வியும் கேட்கலாம் என்று ஆயிற்று. பொது நலன் பற்றித் தீர்மானமும் கொண்டுவரலாம். 1914 இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் திறந்த காலம் இந்தக் கட்டத்தில் வருகிறது.

நம் தேடலுக்குப் பொற்காலம் 1921 முதல் 1937 வரை. 1920 நவம்பரில் தேர்தல் நடந்தது. 1921 ஜனவரி 12 அன்று கன்னாட் பிரபு புதிய சபையைத் தொடங்கி வைத்தார். உறுப்பினர்களில் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மானியக் கோரிக்கைகளுக்கு, அதாவது துறைகளின் செலவுக்கு அரசாங்கம் கேட்கும் பணத்துக்கு, வாக்களிக்கும் உரிமையும் வந்தது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு என்பதை மறக்கக் கூடாது. அப்படியிருந்தும், எந்த ஊர் ஏரி உடைந்தது, எந்த நகராட்சிக்குக் கடன் கிடைக்கவில்லை, எந்தப் பாலம் பாதியில் நிற்கிறது என்ற கேள்விகள் பக்கம் பக்கமாக வருவது இந்தத் தொகுதிகளில்தான்.

பலர் தடுக்கி விழும் பள்ளம் ஒன்று உண்டு. 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. அதன் பிறகு 1946 வரை ஆளுநர் ஆட்சி, சட்டசபை கூடவே இல்லை. பூண்டி நீர்த்தேக்கம் 1944 இல் திறக்கப்பட்டது. அந்தக் கட்டுமான ஆண்டுகளுக்குச் சட்டசபை விவாதம் தேடினால் வெறுங்கையோடுதான் வருவீர்கள். 1923 இல் சட்டசபைக்கு வந்த சத்தியமூர்த்தி, பின்னால் சென்னை மேயராக இருந்து அந்தத் திட்டத்துக்குப் பாடுபட்டார். அவர் பெயரே நீர்த்தேக்கத்துக்கும் வைக்கப்பட்டது. அந்தக் கதைக்கு மாநகராட்சி மன்றத்தின் ஏடுகளையும் அரசாணைகளையும் பாருங்கள்.

தண்ணீர் யார் கையில் இருந்தது?

எனக்கு மிகவும் குழப்பம் தந்த இடம் இது. கொஞ்சம் நின்று விளக்குகிறேன்.

1921 முதல் மாகாணத்தில் இரட்டை ஆட்சி. சில துறைகள் ஆளுநரின் நிர்வாகக் குழு உறுப்பினர்களிடம் ஒதுக்கி வைக்கப்பட்டன. சில துறைகள் சட்டசபைக்குப் பதில் சொல்லும் அமைச்சர்களிடம் மாற்றித் தரப்பட்டன. பாசனம் ஒதுக்கப்பட்ட துறை. உள்ளாட்சியும் பொதுச் சுகாதாரமும் மாற்றப்பட்ட துறைகள். ஆக வயலுக்குப் போகும் தண்ணீர் ஒருவர் கையில், வாய்க்குப் போகும் தண்ணீர் இன்னொருவர் கையில். 1923 முதல் 1928 வரை பாசனக் கேள்விக்குப் பதில் சொன்னவர் ஆளுநரின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்த சி. பி. ராமசாமி ஐயர். நகராட்சிக் குடிநீருக்கு 1926 வரை பதில் சொன்னவர் உள்ளாட்சி அமைச்சரான பனகல் அரசர்.

உங்கள் ஊர்க் குடிநீர்த் திட்டம் ஆற்றுக்காலில் இருந்தோ பாசன ஏரியில் இருந்தோ எடுக்கப்பட்டிருந்தால், ஒரே திட்டத்தின் கதை இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கும். தண்ணீர் எடுக்க அனுமதி கிடைத்ததா என்பது பாசனப் பக்கம். குழாய்க்குப் பணம் கிடைத்ததா என்பது உள்ளாட்சிப் பக்கம். "இது சட்ட உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கேள்வி" என்று அமைச்சர் தள்ளிவிட்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அடுத்த கூட்டத்தொடரில் அதே உறுப்பினர் சட்ட உறுப்பினரிடம் கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். விடாப்பிடியான உறுப்பினர்கள் கேட்டிருப்பார்கள்.

ஏரிகளுக்கு இன்னொரு பிரிவினை உண்டு. பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறையிடம், சின்ன ஏரிகள் வருவாய்த் துறையிடம். ஜமீன் கிராமத்து ஏரி என்றால், அது ஜமீன்தாரின் பொறுப்பு என்று ஒரே வரியில் அரசாங்கம் கையைக் கழுவியிருக்கும். உங்கள் ஊர் அன்று ரயத்துவாரியா (உழவர் அரசாங்கத்துக்கு நேராக வரி கட்டிய ஊர்) ஜமீனா என்பதைக் கிராம நிர்வாக அலுவலகத்தின் பழைய பதிவேடுகளிலோ ஊர்ப் பெரியவர்களிடமோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அரசாங்க ஏரிகளுக்கு 1883 இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தின் குறிப்பேடுகளும் உண்டு. ஒவ்வோர் ஏரியையும் அளந்து, கலங்கல், மதகு, கரை, ஆயக்கட்டு என்று எழுதி வைத்தார்கள். சட்டசபையில் ஓர் ஏரியைப் பற்றிக் கேள்வி வந்திருந்தால், அந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு பதிலைப் படியுங்கள். பதில் எதை விட்டுவிட்டது என்று தெரியும்.

பெயரும் எண்ணும்

தொகுதிகள் ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் அறியாத உறுப்பினர்கள் தமிழிலோ தெலுங்கிலோ பேச விதி இடம் கொடுத்தது, ஆனாலும் ஏடு ஆங்கில ஏடுதான். ஊர்ப் பெயர்களைப் பழைய எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினாபாலி', திருநெல்வேலி 'டின்னவெலி', தஞ்சாவூர் 'டாஞ்சூர்', காஞ்சிபுரம் 'கான்ஜீவரம்', மயிலாடுதுறை 'மாயவரம்', நாகப்பட்டினம் 'நெகபட்டம்'. இன்டர்நெட் ஆர்க்கைவில் பல தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. ஆனால் எந்திரம் படித்த எழுத்தில் பிழை அதிகம். பெயரைத் தட்டித் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் ஏட்டில் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பொருளடைவுப் பக்கத்துக்குப் போய்க் கண்ணால் பாருங்கள். ஊர்ப் பெயரில் இல்லாவிட்டால் 'தண்ணீர் வழங்கல்' என்ற தலைப்பில் இருக்கும், இல்லையென்றால் உறுப்பினர் பெயரின் கீழ் இருக்கும். உங்கள் மாவட்டத்து உறுப்பினர்கள் நாலைந்து பேரின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அளவுகளும் அன்றைய அளவுகள்தான். ஒரு காலன் என்றால் ஏறக்குறைய நாலரை லிட்டர். தலைக்குப் பதினைந்து காலன் என்று திட்டத்தில் இருந்தால் அது 68 லிட்டர். நொடிக்கு ஒரு கனஅடி நீரோட்டம் ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 5,38,000 காலன். பத்து லட்சம் கன அடி என்பது ஏறக்குறைய 2.83 கோடி லிட்டர். பணம் ரூபாய், அணா, பை. வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு வந்தால், ஆங்கில ஆண்டு தெரிய 590 கூட்டுங்கள். பசலி 1334 என்றால் 1924 ஜூலை முதல் 1925 ஜூன் வரை. வரவு செலவு ஆண்டோ ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். இரண்டையும் கலந்துவிட்டால் ஓர் ஆண்டு முன்னே பின்னே போய்விடும்.

பதிலைப் படிக்கும் விதம்

கேள்விக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் சபையில் வாயால் பதில் சொன்னார்கள், துணைக் கேள்விகளும் தொடர்ந்து வரும். குறி இல்லாவிட்டால் எழுத்து மூலம் பதில். துணைக் கேள்விகளைக் கட்டாயம் படியுங்கள். எழுதி வைத்த பதிலைச் செயலகம் தயாரித்துக் கொடுத்திருக்கும். துணைக் கேள்விக்கு அமைச்சர் அந்த நேரத்தில் தானே பதில் சொல்ல வேண்டும். உண்மை அங்கேதான் கொஞ்சம் வெளியே வரும்.

மாதிரிக்கு ஒன்றை நானே எழுதிக் காட்டுகிறேன். கேள்வி இப்படி இருக்கும்: "(அ) இன்ன ஊர் நகராட்சிக் குடிநீர்த் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது? (ஆ) தாமதத்துக்குக் காரணம் என்ன? (இ) இந்த ஆண்டு நிதி ஒதுக்கப்படுமா?" பதில் இப்படி வரும்: "(அ) திட்டமும் மதிப்பீடும் சுகாதாரப் பொறியாளரின் பரிசீலனையில் உள்ளன. (ஆ) தாமதம் எதுவும் இல்லை. (இ) நிதி நிலைமையைப் பொறுத்தது."

மூன்று வரியிலும் செய்தி இருக்கிறது. பொறியாளரின் பரிசீலனையில் இருக்கிறது என்றால் தொழில்நுட்ப ஒப்புதல் வரவில்லை. தாமதம் இல்லை என்றால், எந்தத் தேதியில் இருந்து என்று கேட்க வேண்டும். மூன்றாவது பதிலின் பொருள், இந்த ஆண்டுப் பட்டியலில் உங்கள் ஊர் இல்லை என்பதுதான்.

என் அலுவலக அனுபவத்தில் ஒரு குடிநீர் வேலை நடக்கும் வரிசை இது: ஆய்வு, உத்தேச மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், விரிவான மதிப்பீடு, தொழில்நுட்ப ஒப்புதல், நிதி ஒதுக்கீடு, டெண்டர், வேலை, அளவுப் புத்தகம், பில், முடிவறிக்கை. அன்றும் பெரும்பாலும் இதே நடைதான். ஒரு தாளில் இந்த வரிசையை மேலிருந்து கீழாக எழுதி, ஏட்டில் வரும் ஒவ்வொரு பதிலையும் எந்தப் படியில் வைப்பது என்று பாருங்கள். தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் ஊருக்கு நான் இப்படி எழுதியபோது, நிர்வாக ஒப்புதலுக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் நடுவே தாள் வெறுமையாக இருந்தது. பாட்டியின் ஐந்து ஆண்டில் பெரும்பகுதி அந்த வெற்றிடத்தில்தான் கிடந்தது.

அதே கேள்வி முன்பே கேட்கப்பட்டிருந்தால், "இன்ன தேதியில் இன்ன எண் கேள்விக்கு அளித்த பதிலைப் பார்க்கவும்" என்று இருக்கும். சலிப்படையாமல் பின்னோக்கிப் போங்கள். சங்கிலி மாதிரி ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வரும். "உள்ளாட்சி மன்றம் விண்ணப்பிக்கவில்லை" என்று பதில் இருந்தால் தடை சென்னையில் இல்லை, உங்கள் ஊரிலேயே இருந்திருக்கலாம். அப்போது நகராட்சி மன்றத் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். குழாய் வந்தால் தண்ணீர் வரி போட வேண்டி வருமே என்று வரி கட்டும் மன்ற உறுப்பினர்களே இழுத்தடித்தார்களா என்பதையும் தேடிப் பாருங்கள். அப்படி இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பணத்தைத் தொடருங்கள்

கேள்வி நேரத்தோடு நிறுத்துபவர்கள் பாதிக் கதையோடு நிற்கிறார்கள். பிப்ரவரி, மார்ச் மாத வரவு செலவு விவாதத்துக்குப் போங்கள். 1920களில் பொதுச் சுகாதாரத்துக்குக் கணக்குத் தலைப்பு 33, கட்டடமும் சாலையும் அடங்கிய பொதுப் பணிகளுக்கு 41, பாசனக் கட்டுமானத்துக்கான முதலீடு 55. நகராட்சிகளுக்குத் தரும் கடன் தனியாக வரும். உங்கள் ஊர் வேலை இவற்றில் எங்கே விழுகிறது என்று முதலில் பிடியுங்கள். பெரும்பாலும் குடிநீருக்கு ஒரு பகுதி மானியம், மீதி கடன். மானியம் ஒரு தலைப்பில், கடன் இன்னொரு தலைப்பில் இருப்பதால், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, "இவ்வளவுதான் கொடுத்தார்கள்" என்று எழுதிவிடாதீர்கள்.

விவாதத்தில் "ஒதுக்கீட்டை 100 ரூபாய் குறைக்க வேண்டும்" என்று உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவருவார்கள். லட்சக்கணக்கான ரூபாயில் நூறு ரூபாயைக் குறைத்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கு முதலில் புரியவில்லை. பணத்தைக் குறைப்பது அவர்கள் நோக்கம் இல்லை. கேள்வி நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் பேச முடியாது. நூறு ரூபாய் வெட்டைக் கொண்டுவந்தால் அந்தத் துறையின் குறையை நின்று நிதானமாகப் பேசலாம். உங்கள் ஊர் வாய்க்கால் எப்படித் தூர்ந்தது, எந்தப் பொறியாளர் எத்தனை முறை வந்து பார்த்தார், கோடையில் பெண்கள் எத்தனை மைல் நடந்தார்கள் என்பதெல்லாம் இந்த உரைகளில்தான் கிடைக்கும். பொருளடைவில் ஊர்ப் பெயர் இல்லாமலே உரைக்குள் புதைந்திருக்கும் என்பதால், உங்கள் பகுதி உறுப்பினர் பேசிய எல்லா வெட்டுத் தீர்மான உரைகளையும் முழுதாகப் படியுங்கள். அந்த உழைப்புக்குப் பலன் உண்டு.

வாக்கெடுப்பில் வெட்டு வென்றிருந்தாலும் அவசரப்படக் கூடாது. ஒதுக்கப்பட்ட துறை என்றால், அந்தச் செலவு இன்றியமையாதது என்று சான்றளித்து ஆளுநர் பணத்தை மீட்டுக்கொள்ள, இந்தச் சபையை அமைத்த 1919 சட்டம் இடம் தந்தது. பாசனத்தில் சபையின் வாக்கு கடைசி வார்த்தை இல்லை. இன்னொன்று, செலவில் ஒரு பகுதி வாக்குக்கே வராது. கடனுக்கான வட்டியும், லண்டனில் இருந்த இந்தியா மந்திரி நியமித்த அதிகாரிகளின் சம்பளமும் வாக்குக்கு அப்பாற்பட்டவை. அகில இந்தியப் பொறியாளர் பணியில் இருந்தவர்கள் அதில் அடங்குவார்கள். குழாயின் விலைக்கு வாக்களித்த சபை, அந்தக் குழாயைப் போட்ட தலைமைப் பொறியாளரின் சம்பளத்துக்கு வாக்களிக்க முடியவில்லை. அந்த உரைகளில் தெரியும் கோபத்தின் காரணம் இதைத் தெரிந்துகொண்டால் புரியும்.

மேட்டூர் அணையை வைத்து இதைப் பழகிப் பார்க்கலாம். 1924 பிப்ரவரியில் மைசூரோடு ஒப்பந்தம், 1925 இல் வேலை தொடக்கம், 1934 ஆகஸ்ட் 21 இல் திறப்பு. இந்தப் பத்து ஆண்டிலும் சபை இயங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் 55 ஆம் தலைப்பின் விவாதத்தை மட்டும் எடுத்து வரிசையாகப் படியுங்கள். ஒரு பெரிய வேலையை ஒரு சபை எப்படிப் பின்தொடர்ந்தது என்பது கையில் பிடிபடும். அதன் பிறகு உங்கள் ஊரின் சின்ன வேலைக்கு வாருங்கள்.

பிறகு, செலவான கணக்கு. பொதுக் கணக்குக் குழு என்று ஒன்று 1921 முதல் இருந்தது. நிதி உறுப்பினர்தான் தலைவர். ஆனால் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களை அதிகாரிகள் அல்லாத சட்டசபை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தார்கள். ஒதுக்கிய பணம் செலவாகாமல் திரும்பியதா, வேறு வேலைக்கு மாற்றப்பட்டதா என்பதை இந்தக் குழுவின் அறிக்கையும் தணிக்கைக் குறிப்பும் சொல்லும். அவை அந்த ஆண்டிலேயே வராது. ஓரிரு ஆண்டு கழித்துள்ள ஏடுகளில் தேடுங்கள்.

எந்தத் தெருவுக்கு வந்தது?

இதை விட்டுவிட்டு எழுதப்பட்ட ஊர்க் குடிநீர் வரலாறு எனக்கு வேண்டாம். என் முதல் கட்டுரையில் நானும் விட்டிருந்தேன். குழாய் வந்தது என்று எழுதினேன். யாருக்கு வந்தது என்று எழுதவில்லை.

1924 ஆகஸ்ட் 22 அன்று இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுத் தெருவில் நடக்கவும், பொதுக் கிணறு, குளம் போன்றவற்றைப் பயன்படுத்தவும் எந்த வகுப்பினருக்கும் தடை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். சபை அதை ஏற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 25 இல் 2660 ஆம் அரசாணையாக வெளிவந்தது. உங்கள் ஊரின் பொதுக் கிணறும் குளமும் அந்த ஆணைக்கு உட்பட்டவை. ஆணை வந்த பிறகு உங்கள் ஊரில் யாராவது தடுக்கப்பட்டார்களா, அது கேள்வியாகச் சபைக்கு வந்ததா என்று 1924 இறுதியில் இருந்து தேடுங்கள். எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், கோயம்புத்தூர் ஆர். வீரையன் ஆகியோரின் பெயர்களைப் பொருளடைவில் தனியாகப் பாருங்கள். அவர்கள் ஒரு தொகுதிக்காகப் பேச வரவில்லை. மாகாணம் முழுதும் உள்ள தாழ்த்தப்பட்ட மக்களுக்காகப் பேசினார்கள். அதனால் உங்கள் தொகுதி உறுப்பினர் வாயே திறக்காத ஒரு சேரிக் கிணறு அவர்கள் கேள்வியில் இருக்கக்கூடும்.

இங்கேயும் துறை மாறும். தாழ்த்தப்பட்டோருக்கான கிணறுகளைத் தோண்டும் வேலை லேபர் கமிஷனரிடம் இருந்தது. எனவே குடிநீர் என்ற தலைப்பிலோ உள்ளாட்சித் தலைப்பிலோ தேடினால் சேரிக் கிணறு கிடைக்காது. தொழிலாளர் துறை என்ற தலைப்பின் கீழ் தேட வேண்டும். ஒரே ஊரில், ஒரே கோடையில், ஊர்த்தெருவின் தாகம் ஒரு பக்கத்திலும் சேரியின் தாகம் நூறு பக்கம் தள்ளியும் அச்சாகியிருப்பதைப் பார்த்தபோது எனக்கு அன்றைக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை. உங்கள் வரிசைத் தாளில் இரண்டு பத்திகள் போடுங்கள், ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

காப்பகத்துக்குப் போகும் நாள்

ஏட்டில் வரும் பதிலோடு அரசாணை எண் இருந்தால் அதுதான் உங்கள் சாவி. எண், துறை, தேதி மூன்றையும் எழுதிக்கொண்டு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். துறை முக்கியம். ஒரே எண் ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வோர் ஆண்டும் வரும். கன்னிமாரா நூலகத்திலும் பழைய தொகுதிகளைக் கேட்டுப் பார்க்கலாம். காப்பகத்தில் படிக்க அனுமதி வாங்க விண்ணப்பமும் அடையாளச் சான்றும் வேண்டும். ஒரு கல்லூரியோ அமைப்போ தரும் கடிதம் இருந்தால் எளிது. முதல் நாளே எல்லாம் கைக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்காமல் இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். பென்சில் கொண்டு போங்கள். தாள் நொறுங்கும், பக்கத்தை ஓரத்தில் பிடித்து இழுக்காதீர்கள்.

அரசாணைக் கட்டில் கடைசித் தாளான ஆணையை மட்டும் படிக்காமல், அடியில் இருந்து மேலே படியுங்கள். ஊர் மக்களின் மனு, நகராட்சித் தலைவரின் கடிதம், கலெக்டரின் குறிப்பு, சுகாதாரப் பொறியாளரின் மறுப்பு, நிதித் துறையின் ஒற்றை வரி என்று எல்லாம் அடுக்காக இருக்கும். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் மனுவில் கைநாட்டு வைத்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பெயர்களைப் படித்துக் காட்டியபோது, அதில் ஒன்று தன் மாமனாருடையது என்று அந்தப் பாட்டி அடையாளம் சொன்னார்.

வந்ததும் களத்துக்குப் போங்கள். நீரேற்று நிலையத்தில் கல்வெட்டு இருக்கிறதா, பழைய வால்வில் வார்ப்பு எழுத்து இருக்கிறதா, மேல்நிலைத் தொட்டியின் அடியில் ஆண்டு பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஏட்டின் தேதியும் கல்லின் தேதியும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதுங்கள், எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு. சேரிக் கிணறு இன்னும் இருந்தால் அதன் சுற்றுச்சுவரையும் தடவிப் பாருங்கள். எங்கள் ஊர்க் கிணற்றில் சுண்ணாம்புப் பூச்சை மெல்லச் சுரண்டியபோது உள்ளே ஆண்டு எண் இருந்தது. லேபர் கமிஷனர் பக்கத்தில் நான் குறித்து வைத்திருந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு அது.

நகல் எடுத்த தாள்களில் ஒரு படியை நகராட்சிப் பதிவறையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு படி ஊர் நூலகத்துக்கு. மூன்றாவது படியை அந்தப் பாட்டியின் பேத்தியிடம் கொடுத்திருக்கிறேன்.